தண்ணி படாத நீலம்

அந்தத் தெருவில் ஒரு காலத்தில் முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் சொன்னவர்களைவிட பேன்ட்டைப் பார்த்துச் சொன்னவர்கள்தான் அதிகம். தெருமுனையில் ஜீன்ஸ் தைக்கிற பட்டறை இருந்தது. ஆண்பிள்ளைகளில் பாதிப்பேர் அங்கேதான் வேலை செய்தார்கள். மீதிப் பாதி அங்கே வேலை செய்கிறவர்களுக்கு மச்சானாகவோ மாமனாகவோ இருந்தார்கள். ஆகவே எல்லார் இடுப்பிலும் ஒரே துணி, ஒரே நீலம். புதுசில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். போட ஆரம்பித்த பிறகுதான் அவனவன் குணம் வெளியே வரும். சைக்கிளில் ரொட்டி கொண்டுபோகிறவனுக்கு உட்காருகிற இடம் வெளுக்கும். வெல்டிங் வைக்கிறவனுக்கு முழங்கால் வெளுக்கும். வேலைவெட்டி இல்லாமல் சுவரில் சாய்ந்து நிற்கிறவனுக்கு எது வெளுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவன் சாய்ந்த சுவரும் நீலமாகிவிடும்.

அது கோராத் துணி. நெசவாலையிலிருந்து வந்த கோலத்தில், ஒரு சொட்டுத் தண்ணீரைப் பார்க்காத துணி. முதல் சில வாரம் தகரத்தைக் கட்டிக்கொண்டு நடக்கிற மாதிரிதான் இருக்கும். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, எழுந்தால் உட்கார மனசு வராது. கழற்றி மூலையில் வைத்தால் தானாக நிற்கும். யாரோ வந்து நிற்கிறார்கள் என்று நினைத்து, "வாங்க, உள்ள வாங்க" என்று அண்ணி ஒருமுறை அதை உபசரித்திருக்கிறாள். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே வீட்டில் புருஷனும் கொழுந்தனும் அவளைப் பல நாள் ஓட்டினார்கள்.

அவளுக்கு அண்ணி என்றுதான் பெயர். கொழுந்தன் கூப்பிட்டதைப் பார்த்துத் தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, அவளைவிட மூத்த பெண்களும் கூச்சமில்லாமல் அண்ணி என்றார்கள். விடியுமுன் எழுந்து ரொட்டிக் கடையில் ரொட்டி அடுக்கப் போவாள். வெயில் ஏறிய பிறகு திரும்புவாள். வந்ததும் முதல் வேலை நீலத்தோடு சண்டை. நாற்காலியில் நீலம், படுக்கை விரிப்பில் நீலம், கதவு இடுக்கில் நீலம். துடைத்துக்கொண்டே திட்டுவாள். திட்டிக்கொண்டே எந்த நீலம் யாருடையது என்றும் சொல்லிவிடுவாள். அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கொடியில் தொங்குகிற பேன்ட்டை எட்ட நின்று பார்த்து, "இது வெல்டரோடது, இடது கால்ல பாரம் போட்டு நிப்பான்" என்பாள். தப்பினதே இல்லை.

அவள் வீட்டுக்காரரை எல்லாரும் ஷூக்காரர் என்பார்கள். முன்னறைதான் அவருக்குக் கடை, பட்டறை, தூங்குகிற இடம் எல்லாம். கயிறு கட்டாமல், சாக்ஸ் போடாமல், சும்மா காலை நுழைத்துக்கொண்டு போகிற மெத்தென்ற ஆண்கள் ஷூ. அதைத் தவிர வேறெதுவும் செய்யமாட்டார். ஜீன்ஸ் போட்டு, கீழே ஒரு மடிப்பு மடித்து, அவர் செய்த ஷூவை மாட்டிக்கொண்டு போனால்தான் அந்தப் பக்கத்து இளவட்டங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆனால் ஜீன்ஸின் சாயம் ஷூவின் கழுத்தில் ஒட்டும். வெளிர் நிறத் தோலாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஷூவைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள்.

"என் ஷூவுல குத்தம் இல்ல. பட்டறைக்குப் போய்க் கேளு. என் தம்பி அங்கதான் இருக்கான், நல்லாக் கேளு" என்று அனுப்பிவிடுவார்.

"ஜீன்ஸ் ஒழுங்காத்தான் இருக்கு. எங்க அண்ணனை யாரு வெள்ளைத் தோல் வாங்கச் சொன்னது?" என்று சின்னவன் திருப்பி அனுப்புவான்.

அண்ணனும் தம்பியும் இப்படி ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அண்ணி கல்யாணமாகி வந்தபோது சின்னவன் மூக்கு ஒழுகுகிற பையன். தாயில்லாத பிள்ளை. அவனுக்கு மூக்குச் சிந்திவிட்டதில் தொடங்கி, பட்டறையில் சேர்த்துவிட்டது வரை அண்ணிதான். அவளுக்கென்று பிறக்கவில்லை. அதைப்பற்றி யாராவது இழுத்தால், "ஒண்ணு இருக்கே, அது போதாதா? அதுக்கே சோப்பு வாங்கி மாளலை" என்பாள்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. தையல்காரன் தான் தைத்ததில் ஒன்றைத் தானே போட்டு, தண்ணி காட்டாமல் மாதக்கணக்கில் உடம்போடு வைத்திருக்க வேண்டும். வேர்வை, தூசி, மெஷின் எண்ணெய் எது பட்டாலும் பரவாயில்லை. வெயிலில் காயப்போடலாம், உதறலாம், அவ்வளவுதான். பெரிய ஊரிலிருந்து சலவைக் கம்பெனிக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். எவனுடையது அழகாக வெளுத்திருக்கிறதோ அதை எடுத்துப்போய், தங்கள் கண்முன்னாலேயே முதல் சலவை போட்டு, அந்த வெளுப்பை அப்படியே மெஷினில் படியெடுத்துப் புதுப் பேன்ட்டுகளில் ஏற்றுவார்கள். பேன்ட்டோடு தைத்தவனும் போவான். சலவை வேலை கற்றுக்கொண்டு அங்கேயே நின்றுவிடலாம். போனவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். சின்னவனுக்கு அந்த வண்டியில் ஏறிவிட வேண்டும் என்பதுதான் அப்போது தூக்கத்திலும் விழிப்பிலும் இருந்த ஒரே ஆசை.

அந்த வருஷம் ஒரே துணிச்சுருளில் தனக்கொன்றும் அண்ணனுக்கொன்றும் தைத்தான். இருவருக்கும் ஒரே உயரம், ஒரே இடுப்பு.

"எனக்கு எதுக்குடா இது? நான் என்ன பொண்ணு பாக்கவா போறேன்?" என்றார் ஷூக்காரர்.

"நான் மட்டும் நாறினா அண்ணி என்னை வெளிய தொரத்திடுவாங்க. ரெண்டு பேரும் நாறினா என்ன பண்ணுவாங்க?"

"ரெண்டு பேரையும் தொரத்துவேன்" என்றாள் அண்ணி. ஆனால் துரத்தவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டே பரிமாறினாள். ராத்திரியில் வீட்டு ஆணியில் இரண்டு பேன்ட் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். பகலில் அவர் மடியில் எப்போதும் ஷூ இருக்கும், சின்னவன் திரும்ப இருட்டிவிடும், ஆகவே அண்ணி அவற்றைப் பார்ப்பதும் ஆணியில்தான். போகப்போக ஒன்றில் முழங்காலில் பசைத்துளி காய்ந்து கெட்டியானது. இடது தொடையில், ஷூவின் மரக்கட்டையை அழுத்திப் பிடிக்கிற இடத்தில், முட்டை வடிவில் ஒரு வெளுப்பு விழுந்தது. இன்னொன்றில் அதெல்லாம் இல்லை. உட்கார்ந்தே வேலை செய்கிறவனுக்கு மடியில் விழுகிற கோடுகள் மட்டும். பசை இருப்பது அவருடையது, இல்லாதது அவனுடையது. இதைச் சொல்ல அண்ணிதான் வேண்டுமா, குழந்தைகூடச் சொல்லிவிடும்.

கம்பெனி வண்டி வரப்போகிற வாரம் நெருங்கியபோது கட்டிங் மாஸ்டர் சின்னவனின் முதுகில் தட்டி, "உன்னுது கொஞ்சம் பரவால்ல. பாப்போம்" என்றாராம். மாஸ்டர் வாயிலிருந்து பரவாயில்லை என்று வருவதே லேசில் நடக்கிற காரியமில்லை. அன்றைக்கு ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தான். உரித்துக்கொடுத்தான். அண்ணி தின்றுகொண்டே சொன்னாள்:

"நீயும் போயிட்டா நான் யார்கிட்டடா சண்டை போடறது? இவர்கிட்டயா? இவரு திட்டினாலும் ம், கொஞ்சினாலும் ம்."

"அண்ணனும் இப்ப ஸ்டைலாயிட்டாரே, தாடியெல்லாம் விட்டுக்கிட்டு. அவரோட சண்டை போடுங்க."

"ஆமா, அந்த ஒண்ணுதான் குறைச்சல்" என்று அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அவன் போகக் கூடாது என்று அவளுக்கு இருந்தது உண்மை. அதை அவள் மறைக்கவுமில்லை. போகிறவனைப் பிடித்து வைக்கிற ஆளும் அவளில்லை.

அடுத்து வந்த விடுமுறை நாளில் நல்ல வெயில். சின்னவன் அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு பந்து விளையாடப் போய்விட்டான். ஷூக்காரர் முன்னறையில் படுத்திருந்தார். ரொட்டிக் கடை வாடையில்லாத அந்த ஒரு நாள்தான் அண்ணிக்குத் துணி துவைக்கிற நாள்.

"ஏங்க, உங்க பேன்ட்டை இன்னைக்குத் தோச்சுடட்டுமா? உங்களை யாரு கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போகப்போறா?"

"ம்" என்றார்.

பின்கட்டுக்குப் போனால் கொடியில் ஒரு பேன்ட் காற்றாடிக்கொண்டிருந்தது. முழங்காலில் பசை, தொடையில் கட்டைத் தடம். பரவாயில்லையே, சொல்லாமலேயே கொண்டுவந்து போட்டிருக்கிறாரே என்று நினைத்தாள். வெயில் வாடையைத் தின்றுவிட்டிருந்ததால் முகர்ந்து பார்க்கிற வேலையும் இல்லை. அறையில் ஆணியில் தொங்கிய இன்னொன்றை எட்டிப் பார்த்தாள். பசை இல்லை. சின்னவனுடையது பத்திரமாக இருக்கிறது. அதன்மேல் ஈரக்கைகூடப் படக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

உள்புறத்தை வெளியே திருப்பித் தொட்டியில் அமுக்கினாள். காற்று உள்ளே மாட்டிக்கொண்டு கால் இரண்டும் உப்பி மேலே வந்தன. முழங்கையால் அழுத்திப் பிடித்தாள். தண்ணீர் முதலில் பழுப்பாகி, பிறகு நீலமாகி, பிறகு கறுத்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தாள். இத்தனை மாத அழுக்கு வெளியே வருவதைப் பார்க்க அவளுக்குச் சொல்லமுடியாத சந்தோஷம். கை இரண்டும் மணிக்கட்டு வரை நீலமாகிவிட்டதைப் பார்த்து, கையுறை போட்ட சீமாட்டி என்று தன்னைத்தானே கேலி செய்துகொண்டாள். அலசி, பிழியாமல், நிழலில் தொங்கவிட்டாள். சொட்டிக்கொண்டிருந்தது.

சின்னவன் வந்து நேராகப் பின்கட்டுக்குப் போனான். போனவன் சத்தம் வெளியே வரவில்லை. அண்ணி உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடா, விளையாட்டுல தோத்துட்டியா?"

"அண்ணி, கொடியில இருந்த என் பேன்ட் எங்க?"

"உன்னுது ஆணியில இருக்கு. நல்லாப் பாரு."

"ஆணியில இருக்கிறது அண்ணனோடது."

கத்தி அவள் கையில் அப்படியே நின்றது. எழுந்து வந்து பார்த்தாள். அவன் சொட்டுகிற பேன்ட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

"இது உங்க அண்ணனோடதுடா. பசை இருக்கு பாரு. கட்டை வச்ச தடம் இருக்கு. நான் பாத்துத்தானே எடுத்தேன்? என் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

அவன் இடுப்புப் பட்டையின் உள்புறத்தைத் திருப்பிக் காட்டினான். ஒவ்வொரு தையல்காரனும் தன் அடையாளத்துக்கு வைக்கிற சிவப்பு நூல் முடிச்சு அங்கே இருந்தது. அண்ணனுக்குத் தைத்ததில் அதை வைக்கவில்லை.

"அப்ப பசை எப்படிடா வந்துச்சு? உன் மேல எப்படிப் பசை வரும்?"

அவன் வாயைத் திறந்தான். முன்னறைக் கதவருகே ஷூக்காரர் வந்து நின்றிருந்தார். அவரைப் பார்த்தான். திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"சொல்லேன்டா. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"ஒண்ணுமில்ல. விடுங்க."

"எப்படி விடறது? நான் தெரியாம செஞ்சிட்டேன்டா. எனக்குப் பதறுதுடா. ஏதாவது சொல்லு."

"நான் போறது உங்களுக்குப் பிடிக்கல. அதை நேரா சொல்லியிருக்கலாம் அண்ணி. தண்ணியில முக்கித்தான் சொல்லணுமா?"

அவள் கைகளைத் தூக்கிப் பார்த்தாள். கை இன்னும் நீலமாக இருந்தது.

"வேணும்னே செஞ்சேங்கிறியா?"

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொன்ன? இத்தனை வருஷம் உன் துணியைத் தோச்ச கைடா இது. வேணும்னே செஞ்சேன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மாற்றுத் துணிகூட எடுக்காமல், விளையாடிவிட்டு வந்த அரைக்கால் சட்டையோடு பட்டறைக்குப் போய்விட்டான். "டேய், நில்லுடா" என்று ஷூக்காரர் ஒரு வார்த்தை சொன்னார். அன்றைக்கு அந்த உருளைக்கிழங்கை யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் ரொட்டி அடுக்கும்போது அண்ணிக்குக் கணக்கில் மனசு போகவேயில்லை. அவன் கோபத்தைவிட அந்தத் திறந்து மூடிய வாய்தான் அவளை அரித்தது. சண்டைக்காரப் பயல், பதில் சொல்லாமல் விடுகிற ரகமில்லை. பசை எப்படி வந்தது என்று கேட்டதற்கு ஏன் பதிலில்லை? வீட்டுக்கு வந்ததும் காய்ந்த பேன்ட்டை எடுத்து மடியில் விரித்தாள். துவைத்த பிறகுதான் வெளுப்பு துலக்கமாகத் தெரியும். கட்டை அழுத்திய முட்டைத் தடம் பளிச்சென்று இருந்தது. வலது முழங்காலில் பசை துடைத்த விரல் தடம். உட்கார்ந்து ஷூ செய்கிறவனின் பேன்ட், சந்தேகமேயில்லை.

அப்புறம் ஆணியில் இருந்ததை எடுத்துவந்து பக்கத்தில் போட்டாள். அதைக் கையில் எடுத்து அவள் சரியாகப் பார்த்ததே இல்லை. இரண்டு தொடையிலும் மேல்பக்கம் ஒரு வெளுப்பு. கோடாகவும் இல்லை, வட்டமாகவும் இல்லை. மெல்லிய சீப்பால் ஓயாமல் வாரிவிட்டதுபோல, பொடிப்பொடிக் கீற்றாக, விரல் விரலாகப் பிரிந்திருந்தது. தெருவில் யாருடைய பேன்ட்டிலும் அவள் அப்படிப் பார்த்ததில்லை. தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். அந்தத் தடம் அவள் கையைவிடப் பெரியது. எவ்வளவு பெரியது என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வீட்டுக்குள் வந்தாள்.

முன்னறைக்குப் போனாள். ஷூக்காரர் குட்டை நாற்காலியில், சட்டை இல்லாமல், கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் ஒரு ஷூவை எடுத்து மடியில் வைத்தார்.

"கையை நீட்டுங்க."

"என்ன?"

"நீட்டுங்கன்னா நீட்டுங்க."

நீட்டினார். விரல்கள் நிற்காமல் ஆடின. பெரிய ஆட்டமில்லை. தூரத்தில் லாரி போகும்போது ஜன்னல் கண்ணாடி நடுங்குமே, அந்த மாதிரி. அவள் பிடித்துக்கொண்டாள். அவள் கைக்குள்ளேயும் ஆடியது. அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. தாடி ஏன் வளர்ந்தது. டீயைத் தரையில் வைத்துவிட்டு, அவள் போன பிறகு குடிப்பது ஏன். ரொட்டியைப் பாலில் பிய்த்துப்போட்டு ஸ்பூன் கேட்டது ஏன். ஊரான் பேன்ட்டையெல்லாம் படித்தவள், தன் புருஷன் தாடியைப் படிக்காமல் போனேனே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"இந்தப் பேன்ட்டு போட ஆரம்பிச்சதுலருந்து. ஊசி நிக்க மாட்டேங்குது. கத்தி பிடிச்சா தோல் கோணலாப் போகுது. நரம்பாம். அவன்தான் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனான். பழையபடி வராதுன்னுட்டார்."

"அப்ப இந்த ஷூவெல்லாம்?"

"நீ ரொட்டிக் கடைக்குப் போனதும் அவன் உக்காருவான். நான் சொல்லச் சொல்ல அவன் செய்வான். அப்புறம் பட்டறைக்கு ஓடுவான். பேன்ட்டை மாத்திக்கடான்னா கேக்கலை. உடம்பை விட்டு எறக்கக் கூடாதாம். பசை பட்டா கெடும்னேன். படட்டும்னான்."

"எனக்கு ஏன் சொல்லலை?"

அவர் கையை இழுத்து மடிக்குள் வைத்துக்கொண்டார். "உன்கிட்டச் சொல்லிட்டா அப்புறம் அது நெஜமாயிடும்ல" என்றார்.

அவள் அழுதாள். அழுதுகொண்டே அவரைத் திட்டினாள். ஆணாகப் பிறந்தவர்கள் அத்தனை பேரையும் திட்டினாள். அவர் வழக்கம்போல, "ம்" என்றார். அதற்கும் ஒரு திட்டு விழுந்தது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, இரண்டு பேன்ட்டையும் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு பட்டறைக்கு நடந்தாள். தான் ஏன் ஏமாந்தோம் என்பதை அந்தப் பயல் கண்ணெதிரில் பிரித்துக் காட்டாமல் அவளுக்குத் தண்ணீர் இறங்காது.

பட்டறையில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. சின்னவன் யாரிடமோ இரவல் வாங்கிய தொளதொளப் பேன்ட்டில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். கட்டிங் மாஸ்டர், காதில் சாக்கட்டி செருகியபடி, வெட்டுகிற மேஜைக்குப் பின்னாலிருந்து வந்தார்.

"வாம்மா. நடந்ததைக் கேள்விப்பட்டேன். தண்ணி பட்டுடுச்சுன்னா பட்டுடுச்சுதான். கம்பெனிக்காரன் தொடக்கூட மாட்டான்."

"நான் அதுக்கு வரலை மாஸ்டர்." மேஜைமேல் இரண்டையும் விரித்தாள். "டேய், இங்க வா. இதுல எது அண்ணனோடது, எது உன்னுதுன்னு யாரையாவது சொல்லச் சொல்லு பாப்போம். எல்லாம் தெரிஞ்சுபோச்சுடா. கையையும் பாத்துட்டேன்."

சின்னவன் எழுந்து வந்தான். கண் கலங்கியிருந்தது. "உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு அண்ணி. அதான் நேத்து..." என்றவன், "வேற எதுவும் வாயில வரலை. அதைப் போய்ச் சொல்லிட்டேன்" என்றான்.

"சரி, மூக்கைச் சிந்து" என்றாள் அண்ணி.

மாஸ்டர் இவர்கள் பேச்சைக் கேட்கவேயில்லை. துவைக்காத பேன்ட்டை மேஜை விளக்குக்கு அடியில் இழுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்திருந்தார். நகத்தால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். பக்கத்து மெஷினை நிறுத்தச் சொன்னார்.

"இதை யாரு போட்டது?"

மாஸ்டர் பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த காலையும் விளக்கடிக்கு இழுத்தார்.

"இப்படி ஒரு வெளுப்பை நான் என் சர்வீஸ்ல பாத்ததில்ல. நூல் நூலா எடுத்திருக்கு. கல்லு போட்டுத் தேச்சா வருமா? உப்புத்தாள் போட்டா வருமா? என்ன தொழில் பண்ணா இது வரும்?"

"சும்மா உக்காந்திருந்தா வரும்" என்றாள் அண்ணி.

மாஸ்டர் அவளையும் சின்னவனையும் மாறிமாறிப் பார்த்தார். ஷூக்காரரோடு ஒன்றாகத் திரிந்தவர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரு தைச்சது?" என்று மட்டும் கேட்டார்.

"நான்தான்" என்றான் சின்னவன்.

"தைச்சவன் பேரைத்தான் நான் கம்பெனிக்குச் சொல்லுவேன். போட்டவன் யாருன்னு அவன் கேக்கப்போறதில்ல. நாளன்னைக்கு வண்டி வருது. இஷ்டம்னா கொண்டா."

"இஷ்டமில்லை" என்றான் சின்னவன். பேன்ட்டைப் பிடுங்கி மடித்தான். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் முன்னால் முன்னால் நடந்தான். அண்ணி பின்னாலேயே வந்தாள். என்ன சொல்வதென்று அவளுக்கே தெரியவில்லை. அவன் இருந்தால் ஷூ நடக்கும், வீடு நடக்கும். இரு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருந்துவிடுவான். அந்த வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது.

முன்னறையில் ஷூக்காரர் இருந்த இடத்திலேயே இருந்தார். சின்னவன் பேன்ட்டை அவர் காலடியில் போட்டான்.

"மாஸ்டர் இதைக் கொண்டாங்கிறார். உன் வியாதியைக் காட்டி நான் வேலை வாங்கணுமா? அப்படி ஒரு பொழப்பு எனக்கு வேணாம்ணே. நான் இங்கயே இருக்கேன். காலையில ஷூ, அப்புறம் பட்டறை. இப்ப இருக்கிற மாதிரியே இருந்துட்டுப் போறேன்."

ஷூக்காரர் குனிந்து பேன்ட்டை எடுத்தார். எடுக்க இரண்டு தரம் முயற்சி செய்ய வேண்டியிருந்தது. தொடைப் பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். தன் கைத்தடத்தை அவரும் அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"மாஸ்டர் நல்லா இருக்குன்னாரா?"

"பாத்ததே இல்லைன்னார்."

"மாஸ்டரா?" அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. பல நாளாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு. "டேய், இவ்வளவு மாசமா உக்காந்தே தின்னுட்டிருக்கேன்னு நெனச்சேன்டா. ஒரு ஆணி அடிக்கல, ஒரு தையல் போடல. உன் பேன்ட்டை வேற என் பசையில கெடுத்தேன். ஆனா இந்தக் கை சும்மா இல்லாம ஒரு வேலை பாத்திருக்கு பாரு. கடைசியா அது பண்ண ஒரே வேலை இதான். இதையும் ஆணியில மாட்டி வச்சுட்டு என்னைப் பாத்துக்கிட்டு உக்காரப் போறியா?"

"அப்ப ஷூ யாரு பண்ணுவா?"

இரண்டு பேரும் அண்ணியைப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அது தோன்றவேயில்லை. அவள் மரக்கட்டையை எடுத்தாள். குட்டை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கட்டையை இடது தொடையில் வைத்து அழுத்தினாள்.

"உனக்குச் சொல்லச் சொல்லச் செய்ய வந்துச்சுல்ல? எனக்கு வராதா? எனக்கு என்ன, காது கேக்காதா?" என்றாள். "போடா. போய் அந்த வண்டியில ஏறு. நீ இங்க இருந்து என் ரொட்டியைத் தின்னு தீர்த்தது போதும்."

சொல்லி முடித்தபோது அவள் கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது.

அவன் போனான். பேன்ட்டும் போனது. அண்ணி ரொட்டிக் கடையை விட்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "தோலை இழுக்காதே, அது தானா வரும்" என்பார். அவள், "நீங்க சொன்னா வருமா, நான் இழுத்தாத்தான் வரும்" என்பாள். முதல் ஜோடி ஒன்று பெரிசு ஒன்று சிறிசு. இரண்டாவதும் அப்படித்தான். அவள் துவைத்துக் கெடுத்த பேன்ட்டையே தோல் வேலைக்கு மாட்டிக்கொண்டாள். உடுப்பெல்லாம் பசையானால் யார் துவைப்பது? தெருப் பெண்கள் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். மெல்ல மெல்ல அந்தப் பக்கத்து இளவட்டங்கள் திரும்ப வர ஆரம்பித்தார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல, அவள் செய்ய, பல வருஷம் அப்படியே ஓடியது. அதுதான் தங்கள் வாழ்க்கையிலேயே அதிகம் பேசிக்கொண்ட காலம் என்று பிற்பாடு நினைத்துக்கொள்வாள். ம் சொல்கிற மனுஷனிடம் அவ்வளவு பேச்சு இருந்தது அதற்குமுன் அவளுக்குத் தெரியாது.

சின்னவன் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அண்ணனுக்கு மீசை தாடி மழித்துவிடுவான். பெரிய ஊரில் கல்யாணம் பண்ணிக்கொண்டான். அங்கேயே வேரூன்றிவிட்டான். ஷூக்காரர் ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். கடைசி நாட்களில் கை ஆட்டம் உடம்பெல்லாம் பரவியிருந்தது. போனபோது கை இரண்டும் அசையாமல் இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அந்தக் கைகளை அசையாமல் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது.

அதற்கும் பிறகு ஒரு நாள், முன்பின் தெரியாத ஓர் இளைஞன் கடைக்கு வந்தான். பழுப்பு நிறத்தில் ஷூ வேண்டும் என்றான். அண்ணி அவனை உட்காரவைத்து, ஷூவை மாட்டிப் பார்க்க அவன் காலடியில் மண்டியிட்டாள். குதிகாலில் விரலைவிட்டு இறுக்கம் பார்த்தாள். நிமிர்ந்தாள். அவன் தொடை அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. நீல ஜீன்ஸில், இரண்டு பக்கமும், பொடிப்பொடிக் கீற்றாக, விரல் விரலாக.

"இது எங்க வாங்கின, தம்பி?"

"கடையிலதாங்க. இப்ப எல்லாரும் இதான் போடறாங்க. ஏன்?"

அவளை அறியாமல் கை எழுந்து போனது. பாதி வழியில் நிறுத்திக்கொண்டாள். முன்பின் தெரியாத பிள்ளையின் தொடை.

"தோய்க்கும்போது வெந்நீர் ஊத்தாதே. நிழல்ல காயப்போடு" என்றாள்.

"மெஷின்ல வெளுத்ததுதானேங்க? இனிமே என்ன போகப்போகுது?"

"போகும்ப்பா. கொஞ்சம் கொஞ்சமாப் போகும். பாத்துத் தோச்சா ரொம்ப நாள் இருக்கும்."

அவன் புது ஷூவோடே எழுந்து இரண்டடி நடந்து பார்த்தான். கடிக்கவில்லை என்றான். எதிரே பஸ் வந்து நின்றது. ஓடிப்போய் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். அண்ணி பசைக்கையோடு வாசலில் நின்று பார்த்தாள். பஸ் புறப்பட்டுத் தெருமுனை திரும்பி, மறைந்த பிறகும் உள்ளே போகவில்லை. அவரை எங்கோ வேலைக்கு அனுப்பிவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.